கல்லறையை அகற்றிக் கட்டிய கோயில்: ரோமின் சாந்தா மரியா தெல் பொப்போலோ

ரோம் நகரின் வடக்கு வாயிலை ஒட்டி, மதிலுக்கு உட்புறமாக, அலங்காரம் அதிகமில்லாத வெளிறிய முகப்போடு ஒரு கோயில் நிற்கிறது. சாந்தா மரியா தெல் பொப்போலோ என்பது அதன் பெயர். ரயில் வருவதற்கு முந்திய நூற்றாண்டுகளில், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஃபிளமீனியா சாலை வழியாக வந்து சேர்ந்த யாத்திரிகர்களும் வணிகர்களும் அரச தூதர்களும் நகருக்குள் கால் வைத்ததும் முதலில் கண்டது இந்தக் கோயிலைத்தான். இன்று அந்தச் சதுக்கத்துக்கு வருகிறவர்கள் நடுவில் நிற்கும் எகிப்தியத் தூணை அண்ணாந்து பார்க்கிறார்கள். எதிர்ப்புறம் தெரியும் இரட்டைக் கோயில்களைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கடைத்தெருவுக்குள் போய்விடுகிறார்கள். பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும் இந்தக் கோயிலின் படிகளில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கரவாஜ்ஜோ என்ற ஒரே பெயரைக் கேட்டு வந்தவர்கள். நேராக அவருடைய இரண்டு ஓவியங்களுக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நானும் அந்தப் பெயருக்காகத்தான் போனேன். ஆனால் அந்த இரண்டு ஓவியங்களும் ஏன் அப்படி வரையப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ள, கோயிலின் மற்ற பகுதிகளையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலைப்பொருளை அருங்காட்சியகச் சுவரில் பார்ப்பதற்கும், அது எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதோ அதே இடத்தில், அதற்குப் பணம் கொடுத்தவரின் எலும்புகளுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இன்னொரு கோயிலை ரோமில் நான் பார்த்ததில்லை.

கோயிலின் தொடக்கமே ஒரு கல்லறைக் கதை. தற்கொலை செய்துகொண்ட நீரோ மன்னனின் சாம்பல், பின்ச்சோ குன்றின் மேல் இருந்த அவனுடைய தந்தைவழிக் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது என்பது பண்டைய ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதி வைத்த செய்தி. அந்தக் குன்று கோயிலின் முதுகுக்குப் பின்னால்தான் எழுகிறது. இடைக்காலத்து மக்கள் இந்தச் செய்தியை வளர்த்தெடுத்தார்கள். குன்றின் அடிவாரத்தில் நீரோவின் எலும்புகளுக்கு மேல் ஒரு வால்நட் மரம் வளர்ந்து நின்றதாம். அதில் பேய்கள் காகங்களின் வடிவில் குடியிருந்து, வாயில் வழியாகப் போகிறவர்களைத் துன்புறுத்தினவாம். 1099ஆம் ஆண்டு, திருத்தந்தை (போப்) இரண்டாம் பாஸ்காலின் கனவில் அன்னை மரியா தோன்றி, மரத்தை வெட்டி எலும்புகளை அப்புறப்படுத்தச் சொன்னார். திருத்தந்தை ஊர்வலமாக வந்து தம் கையாலேயே மரத்தில் முதல் வெட்டு வெட்டினார். எலும்புகள் டைபர் ஆற்றில் எறியப்பட்டன. அந்த இடத்தில் ஒரு சிறு ஆலயம் எழுந்தது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கோயில் அதை மறைத்து வைக்கவும் இல்லை. முதன்மைப் பீடத்துக்கு மேலுள்ள பெரிய வளைவில், பொன்பூசிய சுதைப் புடைப்புச் சிற்பங்களாக, கோடரியும் மரமும் திருத்தந்தையும் பேயுமாக அந்தக் கதை இன்றும் இருக்கிறது.

ஒரு கல்லறையைத் துரத்திவிட்டுக் கட்டிய அந்த இடம் பிறகு கல்லறைகளாலேயே நிறைந்துபோனது. 13ஆம் நூற்றாண்டில் கோயில் அகுஸ்தீன் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. 1472 முதல் 1477 வரை, தெல்லா ரோவெரே குடும்பத்தைச் சேர்ந்த திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ், பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இன்று நாம் காணும் கோயிலைக் கட்டினார். நடுக்கூடத்தின் இரு புறமும் வரிசையாகச் சிற்றாலயங்கள் அமைந்தன. அவற்றின் கணக்கு நேரடியானது: பணமுள்ள ஒரு குடும்பம் துறவிகளிடமிருந்து ஒரு சிற்றாலயத்தின் உரிமையை வாங்கும், அதை அலங்கரிக்கும் செலவை ஏற்கும், குடும்பத்தார் அங்கே அடக்கம் செய்யப்படுவார்கள், அவர்களுடைய ஆன்மாக்களுக்காகத் தொடர்ந்து திருப்பலி நடக்க ஒரு நிதி ஒதுக்கப்படும். ஆகவே ஒவ்வொரு சிற்றாலயமும் கோயிலுக்குள் இருக்கும் ஒரு தனிச்சொத்து. யாரை வைத்து வரைவது, யாரை வைத்துச் செதுக்குவது என்பதைத் துறவிகளைவிட அந்தச் சொத்துக்காரரே தீர்மானித்தார். மறுமலர்ச்சிக் காலக் கலையின் பெரும்பகுதி பக்தியால் மட்டும் பிறந்ததல்ல. தன் சாவுக்கு இடம் பிடித்துவைக்கிற பணக்காரரின் முன்யோசனையாலும் பிறந்தது. இதைச் சொல்வதால் அந்தக் கலை சிறுமைப்படுவதாக நான் நினைக்கவில்லை.

வாசலுக்கு அருகிலேயே இதற்கு ஓர் உச்சமான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜொவான்னி பத்திஸ்தா ஜிஸ்லேனி என்பவர் ரோமில் பிறந்து போலந்து அரசர்களின் அரண்மனையில் கட்டடக் கலைஞராகப் பணிசெய்தவர். 1672இல் இறப்பதற்கு முன்பே தம் நினைவுச்சின்னத்தைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். மேலே வட்டச் சட்டத்துக்குள் உயிரோடிருக்கும் அவருடைய முகம், ஓவியமாக. கீழே சிறைக்கம்பி போன்ற இரும்புக் கிராதிக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு, கல்லில் செதுக்கியது. போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. முகத்துக்கு அருகில் "இங்கே உயிரோடில்லை" என்றும், எலும்புக்கூட்டின் அருகில் "அங்கே இறந்தும்போகவில்லை" என்றும் பொருள்படும் லத்தீன் வரிகள். நடுவில் இரண்டு சிறிய வெண்கல வட்டங்கள்: ஒன்றில் கூடு கட்டும் புழு, மற்றதில் அதிலிருந்து வெளிப்பட்ட வண்ணத்துப்பூச்சி. நான் நின்றிருந்தபோது ஒரு சிறுவன் அந்தக் கம்பிகளுக்கிடையே விரலை நீட்டப் பார்த்தான். அவனுடைய தாய் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஜிஸ்லேனி அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வலப்புறத்தின் முதல் சிற்றாலயம் கர்தினால் தொமேனிக்கோ தெல்லா ரோவெரேவுடையது. அதன் பீடத்தில், குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியைப் பின்துரிக்கியோ 1480களின் இறுதியில் வரைந்தார். அழகான ஓவியம்தான், ஆனால் என் கண் அதைவிட அதிகமாக நின்றது பக்கத்துத் தூண்பட்டைகளில். அங்கே பொன்னிறப் பின்னணியில் கொடிகளும் பாதி மனிதர் பாதி இலையான உருவங்களும் சிறகு முளைத்த விலங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. இந்த அலங்கார முறை எங்கிருந்து வந்தது? அந்தச் சித்திரங்கள் வரையப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஏறக்குறைய 1480இல், மண்ணுக்கடியில் புதைந்துபோயிருந்த பழைய அறைகள் ரோமில் கண்டுபிடிக்கப்பட்டன. ஓவியர்கள் கயிறு கட்டி உள்ளே இறங்கி, விளக்கொளியில் அந்த அறைகளின் சுவர்களைப் பார்த்துப் படியெடுத்தார்கள். அந்த அறைகள் நீரோவின் பொன் மாளிகை. அவனுடைய எலும்பை ஆற்றில் எறிந்ததாகப் பெருமை பேசும் கோயிலுக்குள், அவனுடைய வீட்டுச் சுவர் அலங்காரம் கர்தினால் ஒருவரின் செலவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது சிற்றாலயமான சீபோ குடும்பத்தின் ஆலயம் பல நிறச் சலவைக்கற்களால் இழைக்கப்பட்டது. 1680களின் வேலை, கார்லோ ஃபொந்தானாவின் வடிவமைப்பு, கார்லோ மராத்தாவின் பீட ஓவியம். விலை உயர்ந்த பொருள்கள் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கும் அந்த இடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

முதன்மைப் பீடத்தின் பின்னால், மக்கள் கண்ணுக்கு எளிதில் படாத பாடற்குழு மண்டபம் வேறு வகையானது. சிக்ஸ்துஸின் சகோதரர் மகனான இரண்டாம் ஜூலியஸ் திருத்தந்தையானதும், கட்டடக் கலைஞர் பிரமாந்தேயைக் கொண்டு கோயிலின் பின்புறத்தை நீட்டித்தார். பிரமாந்தே அதன் கடைசியில் சங்கின் உட்புறம்போல் வரிவரியாக விரியும் ஓர் அரைக்கவிகையை வைத்தார். மேல்விதானத்தைப் பின்துரிக்கியோ வரைந்தார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பிரான்சிலிருந்து வந்த கியோம் தெ மார்சியா செய்தார். அதன் இரு பக்கச் சுவர்களிலும் அந்திரேயா சன்சொவீனோ செதுக்கிய இரண்டு கர்தினால்களின் கல்லறைகள் எதிரெதிராக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 1505இல் இறந்த அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவினுடையது. ஜூலியஸ் கர்தினாலாக இருந்த காலத்தில் அவருக்கு எதிரணியில் நின்று, திருத்தந்தைத் தேர்தல்களில் அவரோடு மல்லுக்கட்டியவர் இந்த அஸ்கானியோ. அவருக்கு இத்தனை செலவில் கல்லறை எழுப்பியது அதே ஜூலியஸ்தான். அவருடைய நற்பண்புகளை நினைவில் கொண்டு, பூசல்களை மறந்து இதை எழுப்பியதாகக் கல்வெட்டிலும் பொறித்துவைத்தார். பகையை மறந்துவிட்டதாகக் கல்லில் எழுதி வைப்பது மறதிக்கு எவ்வளவு தூரம் சான்றாகும் என்பது வேறு கேள்வி. சிற்பத்தில் புதுமை அதன் கிடையில் இருக்கிறது. அதுவரை ரோமின் கல்லறைகளில் கர்தினால்கள் பாடையில் கிடத்தப்பட்ட சடலங்களைப்போல் நீண்டு படுத்திருந்தார்கள். சன்சொவீனோவின் கர்தினால்களோ ஒருக்களித்து, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, மதிய உணவுக்குப் பின் கண்ணயர்ந்தவர்களைப்போல் உறங்குகிறார்கள்.

இதே காலத்தில், 1510ஆம் ஆண்டுக் குளிர்காலத்தையொட்டி, பின்னாளில் புரோட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், அப்போது ஓர் இளம் அகுஸ்தீன் துறவியாக, தம் சபை வேலையாக ரோமுக்கு வந்தார். அவர் தங்கியது இந்தக் கோயிலின் மடத்தில்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த மடம் இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் வலதியே சதுக்கத்தைத் திருத்தி அமைத்தபோது அதை இடித்துவிட்டார்கள்.

இடப்புறத்தின் இரண்டாவது சிற்றாலயத்துக்கு வருவோம். சியேனா நகரத்து வங்கியாளர் அகொஸ்தீனோ கீஜி தம் காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவருடைய செல்வத்தின் ஆணிவேர் படிகாரம். துணிக்குச் சாயம் பிடிக்கவும் தோல் பதனிடவும் படிகாரம் இல்லாமல் ஆகாது. ரோமுக்கு அருகே தோல்ஃபா மலையில் திருத்தந்தையருக்குச் சொந்தமான படிகாரச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றின் குத்தகை கீஜியிடம் இருந்தது. துருக்கியிலிருந்து வரும் படிகாரத்தை வாங்குவது கிறிஸ்தவர்களுக்குத் தகாது என்று திருச்சபை தடையும் விதித்திருந்ததால், சந்தை அவர் கைக்குள் அடங்கியது. அந்தப் பணத்தில், 1510களில் தம் கல்லறை ஆலயத்தை வடிவமைக்க அவர் அமர்த்திய ஆள் ரஃபேல்.

ரஃபேல் ஓவியராக மட்டும் வேலை செய்யவில்லை. கட்டடம், சிற்பம், மொசைக், எல்லாவற்றையும் ஒரே சிந்தனையாக வகுத்தார். பக்கச் சுவர்களில் இரண்டு உயரமான கூம்புகள், எகிப்தியப் பிரமிடுகளைப்போல. அந்தக் காலத்தில் ஒரு கிறிஸ்தவரின் கல்லறைக்கு யாரும் எதிர்பார்க்காத வடிவம் அது. மேலே கவிகையின் உட்புறத்தில் 1516இல் வெனிஸ் நாட்டு லுயீஜி தா பாச்செ பதித்த மொசைக். நட்ட நடுவில் தந்தையாகிய கடவுள் கைகளை உயர்த்திக் கீழ்நோக்கிக் குனிகிறார். அவரைச் சுற்றி எட்டுக் கட்டங்களில் சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, பிறகு விண்மீன் மண்டலம். ஒவ்வொரு கிரகமும் பழைய ரோமானியத் தெய்வ உருவில் இருக்கிறது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வானதூதர் அதை வழிநடத்துகிறார். நவக்கிரகங்களைச் சுற்றிவந்து பழகிய நம்மூர்க்காரர்களுக்கு அந்த விதானத்தை விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இதை ஆலயத்துக்கு வெளியே நின்று பார்த்தால் கடவுள் கோணலாகத் தெரிவார். சரியாக நடுவில் நின்று கழுத்தை வளைத்தால்தான் அவர் உங்களைப் பார்த்துக் கை நீட்டுகிறார்.

ரஃபேல் 1520 ஏப்ரல் 6ஆம் நாள் இறந்தார். சில நாள்களிலேயே கீஜியும் இறந்தார். வேலை அரைகுறையாக நின்றது. லொரென்செத்தோ செதுக்கிய யோனா, எலியா சிலைகள் வந்தன. செபஸ்தியானோ தெல் பியொம்போ மரியாவின் பிறப்பைக் கற்பாளங்களின் மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவர் விட்ட குறையைப் பிறகு சல்வியாத்தி முடித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டு யாரும் அதிகம் கவனிக்கவில்லை. 1652இல் கர்தினாலாகி, 1655இல் ஏழாம் அலெக்சாந்தர் என்ற பெயரில் திருத்தந்தையான ஃபாபியோ கீஜி, தம் முன்னோரின் ஆலயம் அப்படிக் கிடப்பதைக் கண்டு சிற்பி பெர்னினியை அழைத்தார்.

பெர்னினி காலியாக இருந்த இரண்டு மாடங்களுக்கு இறைவாக்கினர்களான தானியேலையும் அபக்கூக்கையும் செதுக்கினார். தானியேல் நூலின் 14ஆம் அதிகாரமாகக் கத்தோலிக்கர் வாசிக்கும் பகுதியில், புரோட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லாத பகுதியில், இந்தக் கதை வருகிறது. யூதேயாவில் அபக்கூக்கு அறுவடை செய்கிறவர்களுக்குக் கூழும் அப்பமும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார். வானதூதர் வழிமறித்து, அதைப் பாபிலோனில் சிங்கக் குகையில் கிடக்கும் தானியேலிடம் கொண்டுபோகச் சொல்கிறார். பாபிலோனைப் பார்த்ததே இல்லை, குகை எங்கே என்றும் தெரியாது என்று அவர் சொல்ல, தூதர் அவருடைய தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பெர்னினியின் சிற்பத்தில் அபக்கூக்கு கூடையோடு உட்கார்ந்து, தாம் போகவேண்டிய வயல் அந்தப் பக்கம் என்று விரல் நீட்டுகிறார். தூதரோ புன்னகையோடு அவருடைய நெற்றி மயிர்க்கற்றை ஒன்றை விரல் நுனியால் பற்றிக்கொண்டு, மறு கையால் நேர் எதிர்த்திசையைக் காட்டுகிறார். அந்தத் திசையில், ஆலயத்தின் குறுக்கு மூலையில், தானியேல் முழந்தாளிட்டுக் கைகளை மேலே உயர்த்தியிருக்கிறார். சிங்கம் அவருடைய பாதத்தை நக்குகிறது. இரண்டு சிற்பங்களுக்கும் இடையில் உள்ள வெற்றிடம்தான் யூதேயாவுக்கும் பாபிலோனுக்கும் இடையிலுள்ள தூரம். பார்க்கிறவர் அந்தத் தூரத்தின் நடுவில் நிற்கிறார்; தூதரின் விரல் அவருடைய தலைக்கு மேலாக நீளுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. தனித்தனியாக எடுத்த படங்களில் ஒன்று எதையோ சுட்டும் தேவதூதன், மற்றது யாரையோ வேண்டும் இளைஞன், அவ்வளவே.

காலடியில் இன்னொன்று இருக்கிறது. தரையின் நடுவே, நிலவறைக்கு மேலே, வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த சிறகுள்ள எலும்புக்கூடு கீஜி குடும்பச் சின்னத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கீழே, சாவு விண்ணகத்துக்கு வழி என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள். அவற்றில் நான்கு எழுத்துகள் மட்டும் பெரிதாக இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து ரோமன் எண்ணாகப் படித்தால் 1650, கத்தோலிக்கர் யூபிலி என்னும் புனித ஆண்டாகக் கொண்டாடிய ஆண்டு. ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் பக்கத்துத் தூணை ஒட்டி, 1771இல் இருபது வயதில் பிரசவத்தில் இறந்த மரியா ஃபிளமீனியா ஒதெஸ்கால்கி கீஜி என்ற இளவரசியின் நினைவுச்சின்னம்: வெண்கல மரம், சிங்கம், கழுகு, தொங்கும் சலவைக்கல் சீலை. துயரம் உண்மையானதாக இருந்திருக்கும். ஆனால் சிற்பம் அதை நம்பவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

பெர்னினி கீஜி ஆலயத்தோடு நிற்கவில்லை. 1655 முதல் 1659 வரை கோயில் முழுவதையும் அவர் தொட்டுத் திருத்தினார். நடுக்கூடத்தின் வளைவுகளின்மேல் வெண்சுதையாலான பெண் புனிதர்கள் இருவர் இருவராகச் சாய்ந்து உட்கார்ந்ததும், இசைக்கருவி மாடங்களில் கருவாலி மரத்தின் கிளைகள் படர்ந்ததும் அப்போதுதான். முகப்பின் வட்டச் சாளரத்திலிருந்த பழைய கல்வேலைப்பாட்டை எடுத்துவிட்டு வெளிச்சத்தை உள்ளே விட்டார். 1655 டிசம்பரில், கத்தோலிக்க மறையைத் தழுவுவதற்காக அரியணையைத் துறந்த சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தீனா பக்கத்து வாயில் வழியாக ரோமுக்குள் நுழைந்தார். வாயிலின் உட்புறத்தையும் அதற்காகப் பெர்னினியே அலங்கரித்தார்.

இனி, எல்லோரும் தேடி வருகிற இடம்: முதன்மைப் பீடத்துக்கு இடப்பக்கம் உள்ள செராசி சிற்றாலயம். திபேரியோ செராசி, எட்டாம் கிளமெந்து திருத்தந்தையின் கருவூலத் தலைவர். 1600இல் இந்த ஆலயத்தின் உரிமையைத் துறவிகளிடமிருந்து வாங்கி, அதைத் திருத்திக் கட்டும் வேலையைக் கார்லோ மதெர்னோவிடம் ஒப்படைத்தார். ஓவியங்களுக்கு, அந்தத் தருணத்தில் ரோமில் பேசப்பட்ட இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். பீடத்தின் மேல் அன்னை மரியாவின் விண்ணேற்பு, அன்னிபாலே கராச்சி வரைவது. அவர் அப்போது ஃபர்னேசே அரண்மனை விதானத்தால் புகழ்பெற்றிருந்தார். பக்கச் சுவர்களில் புனித பேதுருவின் சிலுவைச் சாவும் புனித பவுலின் மனமாற்றமும், கரவாஜ்ஜோ வரைவது. அவர் சில மாதங்கள் முன்புதான் பிரெஞ்சுக்காரர்களின் சான் லுயீஜி கோயிலில் புனித மத்தேயுவைப் பற்றிய ஓவியங்களை வைத்து நகரையே திரும்பிப் பார்க்கவைத்திருந்தார். 1600 செப்டம்பர் 24ஆம் நாளிட்ட ஒப்பந்தம் அவரை நகரின் தலைசிறந்த ஓவியர் என்று குறிப்பிடுகிறது. சைப்ரஸ் மரப்பலகையில் இரண்டு ஓவியங்கள், எட்டு மாதத் தவணை, 400 ஸ்கூதோ (அக்கால ரோமின் நாணயம்) கூலி.

இன்று அங்கே தொங்கும் ஓவியங்கள் பலகையில் வரைந்தவை அல்ல, துணியில் வரைந்தவை. கரவாஜ்ஜோ இரண்டு முறை வரைந்தார். முதல் பவுல் இன்றும் இருக்கிறது, ரோமில் ஒதெஸ்கால்கி குடும்பச் சேகரிப்பில், சைப்ரஸ் பலகையில். அதில் தாடி வைத்த பவுல் இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கிறார், கிறிஸ்து வானதூதரின் தாங்கலில் மேலிருந்து பாய்ந்து வருகிறார், படைவீரன் ஈட்டியைத் தூக்குகிறான், குதிரை மிரள்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதுபோன்ற படம். வத்திக்கானின் பவுல் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ இதே இரண்டு காட்சிகளையும் வரைந்திருந்தார். அங்கும் கிறிஸ்து வானத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். கரவாஜ்ஜோவின் முதல் முயற்சி அந்த வழியில் போனது.

இரண்டாவது படத்தில் வானம் இல்லை. கிறிஸ்துவும் இல்லை. படத்தின் பெரும்பகுதியை ஒரு குதிரையின் உடல் அடைத்துக்கொள்கிறது. பழுப்பு நிறம், தோளருகே வெள்ளைத் திட்டு, தூக்கிய முன்கால். முதிய குதிரைக்காரர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து, அது கீழே கிடப்பவரை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது, குதிரையைப் பற்றிய கவலைதான் தெரியும். அதன் வயிற்றுக்கடியில் இளைஞரான பவுல் மல்லாந்து கிடக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன, இரண்டு கைகளும் எதையோ வாங்கிக்கொள்வதுபோல் விரிந்திருக்கின்றன. திருத்தூதர் பணிகள் நூலில் தமஸ்கு வழியில் சவுல் (பவுலின் இன்னொரு பெயர்) விழுந்த செய்தி இருக்கிறதே தவிர, குதிரை இல்லை. குதிரை ஓவியர்கள் வழிவழியாகச் சேர்த்துக்கொண்டது. கரவாஜ்ஜோ அதை நடுநாயகமாக்கி, கடவுளை வெறும் வெளிச்சமாக மாற்றிவிட்டார்.

எதிர்ச்சுவரில் பேதுரு. மூன்று கூலியாள்கள் ஒரு கனத்த மரத்தை நிமிர்த்துகிறார்கள். ஒருவன் கயிற்றை இழுக்கிறான். ஒருவன் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறான். ஒருவன் அதன் அடியில் குனிந்து முதுகைக் கொடுக்கிறான், கையில் மண்வெட்டி, நம் பக்கம் பின்புறமும் அழுக்கேறிய உள்ளங்காலும். ஒருவனுடைய முகத்திலும் கொடூரம் இல்லை. வேலையின் சிரமம்தான் இருக்கிறது. தலைகீழாக அறையப்பட்ட கிழவர் மட்டும், ஆணி பாய்ந்த கையோடு தலையைத் தூக்கி, படத்துக்கு வெளியே எங்கோ பார்க்கிறார். அச்சுப்படங்களில் இந்த ஓவியத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அந்த உள்ளங்கால் எவ்வளவு கிட்டத்தில் வரும் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

அந்தக் கிட்டம் தற்செயல் அல்ல. சிற்றாலயம் ஒடுக்கமானது, பார்வையாளர் உள்ளே போக முடியாமல் வாசல் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். நேர் எதிரே அவருக்குத் தெரிவது அன்னிபாலேயின் மரியா மட்டும்தான்: பளிச்சென்ற சிவப்பும் நீலமும், கைகளை விரித்து எழும் உருவம், வியந்து நிற்கும் சீடர்கள். கரவாஜ்ஜோவின் இரண்டு படங்களும் இடமும் வலமுமாக, சாய்கோணத்தில்தான் கண்ணில் படும். நேருக்கு நேர் நின்று எடுத்த புகைப்படத்தில் பவுலின் உடல் விசித்திரமாகக் குறுகித் தெரியும். குதிரை படத்துக்குள் திணிக்கப்பட்டதுபோல் இருக்கும். வாசலில் நின்று சாய்வாகப் பார்த்தால் பவுல் நம்மை நோக்கிச் சரிந்து விழுகிறார். வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும்: பேதுருவின் படத்தில் அது இடப்பக்கத்திலிருந்தும், பவுலின் படத்தில் வலப்பக்கத்திலிருந்தும் வருகிறது. இரண்டும் எதிரெதிர்ச் சுவர்களில் இருப்பதால், இரண்டு படங்களிலும் வெளிச்சம் நாம் நிற்கும் வாசல் பக்கத்திலிருந்தே உள்ளே பாய்கிறது.

இந்த ஆலயத்தில் நாணயம் போட்டால் சிறிது நேரம் எரிந்து அணையும் விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் போட, மற்றவர்கள் இலவசமாகப் பார்ப்பார்கள். மின்விளக்கு எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டிவிடுவதால், அது அணைந்த பிறகு கண் பழகும்வரை காத்திருப்பவர்களுக்குத்தான் படம் தன் ஆழத்தைக் காட்டுகிறது. குதிரையின் விலாவும் பவுலின் விரல் நுனிகளும் கடைசியாக இருட்டுக்குள் போகும்.

முதல் படங்கள் ஏன் கைவிடப்பட்டன? ஜொவான்னி பாலியோனே என்ற ஓவியர் 1642இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்றில், புரவலருக்கு அவை பிடிக்கவில்லை என்றும் கர்தினால் சன்னேசியோ அவற்றை எடுத்துக்கொண்டார் என்றும் எழுதினார். பாலியோனே 1603இல் கரவாஜ்ஜோவின்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தவர். கரவாஜ்ஜோ நிராகரிக்கப்பட்ட செய்தியைச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி ருசி உண்டு. தவிரவும், புரவலர் செராசி 1601 மே மாதம் இறந்துவிட்டார். எஞ்சிய வேலையை முடித்து வாங்கும் பொறுப்பு அவருடைய வாரிசான கொன்சொலாசியோனே மருத்துவமனையின் நிர்வாகிகளிடம் போனது. நவம்பரில் கணக்கு முடிந்தபோது ஓவியருக்குக் கிடைத்த மொத்தத் தொகை 300 ஸ்கூதோ, பேசியதில் 100 குறைவு.

என் எண்ணத்தில், முதல் படத்தைத் தள்ளியது யாருடைய ரசனையும் அல்ல, அந்த அறைதான். மதெர்னோவின் திருத்தத்துக்குப் பிறகு உருவான ஒடுக்கத்தில், ஒதெஸ்கால்கி பலகையின் நெரிசலைச் சாய்கோணத்தில் பார்த்தால் கைகளும் கால்களும் ஈட்டியும் சிக்கிக்கொண்ட ஒரு குவியலாகத்தான் தெரிந்திருக்கும். ஓவியர் இடத்தை வந்து பார்த்தார், தாம் வரைந்தது அங்கே நிற்காது என்று கண்டார், ஆள்களைக் குறைத்தார், ஒளியின் திசையை வாசலுக்கு மாற்றினார் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. ஆவணம் எதுவும் இதை உறுதிசெய்யவில்லை. இரண்டு பவுல்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது. அங்கே போகிறவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தடுப்பின் நடுவில் நின்று கூட்டத்தோடு எட்டிப் பார்க்காமல், இடது ஓரத்துக்கு ஒதுங்கிப் பவுலையும், வலது ஓரத்துக்கு ஒதுங்கிப் பேதுருவையும் பாருங்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் மாற்றிப் பாருங்கள். திருப்பலி நேரத்தில் மட்டும் போகாதீர்கள். அப்போது சுற்றிப் பார்க்க வந்தவர்களை இந்தப் பகுதிக்குள் விடமாட்டார்கள், விடாமலிருப்பதும் நியாயம்.